சந்தை சரி, முதலாளி எதற்கு? அனார்க்கிசமும் தடையற்ற சந்தையும் ஒத்துப்போகுமா

கதிர்வேல்:

அனார்க்கிசம், அதாவது அரசே வேண்டாம் என்ற கொள்கை, என்றாலே இடதுசாரிகளுக்கு உரியது என்ற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. என் வாதம் நேர் எதிரானது. அரசு வேண்டாம் என்று ஒருவர் மனதார நம்பினால் அவர் கடைசியில் வந்து சேரும் இடம் தடையற்ற சந்தைதான். அரசு போனால் வரி போகும், உரிமம் போகும், ஏகபோகம் போகும். இரண்டு பேர் மனமொத்துச் செய்யும் ஒப்பந்தத்தில் குறுக்கே வர எவருக்கும் அதிகாரம் இருக்காது. அப்படிப்பட்ட கோடிக்கணக்கான ஒப்பந்தங்கள் சேர்ந்ததைத்தானே சந்தை என்கிறோம்? 'கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது' என்று ஓர் அனார்க்கிஸ்ட் சொன்னால் அதை எதைக் கொண்டு தடுப்பார்? ஒரு படை வேண்டும். படை வந்துவிட்டால் அரசும் வந்துவிட்டது.

ஓர் உதாரணம். 1844-ல் லைசாண்டர் ஸ்பூனர் என்ற அமெரிக்கர், அரசின் தபால் ஏகபோகத்தை எதிர்த்துத் தனியாகக் கடிதக் கம்பெனி தொடங்கினார். பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர் நகரங்களுக்கு இடையே கடிதம் கொண்டுபோனார். ஒரு டாலருக்கு 20 தபால்தலை. அரசுக் கட்டணத்தைவிட மிகவும் மலிவு. அரசு அவருடைய ஆட்களைக் கைது செய்தது, வழக்குக்கு மேல் வழக்குப் போட்டுக் கம்பெனியை மூட வைத்தது. ஆனால் 1845-ல் அரசே தபால் கட்டணத்தைக் குறைக்க வேண்டி வந்தது, 1851-ல் மறுபடியும் குறைத்தது. தனி ஒருவரின் போட்டி சாதித்தது அது.

1849-ல் பெல்ஜியப் பொருளியலாளர் மொலினாரி, காவலையும் பாதுகாப்பையும்கூடப் போட்டிக் கம்பெனிகளிடம் விடலாம் என்று எழுதினார். நூறு ஆண்டுகள் கழித்து அமெரிக்கப் பொருளியலாளர் மரே ரோத்பார்ட் அதை ஒரு முழுத் தத்துவமாக வளர்த்தார். இது அனார்க்கிசம் இல்லையென்றால் வேறு எது? மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

வானதி:

கதிர்வேல், கூலிக்கு ஒப்புக்கொள்வதை யார் தடுப்பார் என்று கேட்கிறீர்கள். ஒப்புக்கொள்ளாமல் இருக்க அந்த மனிதருக்கு வழி இருந்ததா என்று நான் கேட்கிறேன்.

இங்கிலாந்தில் 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்பு மசோதாக்கள் நிறைவேறின. ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர். நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். மாடு மேய்த்த இடம், விறகு பொறுக்கிய காடு, அறுவடைக்குப் பிறகு கதிர் பொறுக்கிய வயல் எல்லாம் ஒருவர் பெயருக்குப் போனது. வழியற்றுப் போனவர்கள் மான்செஸ்டர் ஆலை வாசலில் நின்று 'மனமொத்து' ஒப்பந்தம் செய்தார்கள். பின்னால் பட்டினி நிற்கும்போது போடும் கையெழுத்தை விருப்பம் என்று என்னால் ஏற்க முடியாது.

அனார்க்கிஸ்டுகள் இதை நன்றாக அறிந்தவர்கள். எட்டு மணி நேர வேலை கேட்ட போராட்டத்தைத் தொடர்ந்து, சிகாகோ ஹேமார்க்கெட் வழக்கில் 1887 நவம்பர் 11 அன்று தூக்கிலிடப்பட்ட நால்வரும் அனார்க்கிஸ்டுகள். அவர்கள் அரசை எதிர்த்தது முதலாளியின் பக்கம் அது நின்றதால்.

கதிர்வேல்:

வானதி, அந்த 5,200 மசோதாக்களையும் நிறைவேற்றியது நாடாளுமன்றம். அதாவது அரசு. நீங்கள் சொன்னது என் கட்சிக்குத்தான் சாட்சி.

நிலவழகன்:

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் சண்டை சந்தையைப் பற்றியது என்று வைத்துக்கொண்டு பேசுவதால் முட்டி நிற்கிறீர்கள். இடையில் இருப்பது சொத்து. எந்தப் பொருளை, எந்த அடிப்படையில், யார் 'என்னுடையது' என்று சொல்லலாம்? இதற்கு என்ன பதில் சொல்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜோசையா வாரன் என்ற அமெரிக்கரிலிருந்து தொடங்குகிறேன், அவரைப் பற்றித் தமிழில் அதிகம் யாரும் பேசுவதில்லை என்பதால். ராபர்ட் ஓவன் அமெரிக்காவில் நிறுவிய நியூ ஹார்மனி பொதுவுடைமைக் குடியிருப்பில் 1825-ல் சேர்ந்தவர் அவர். இரண்டே ஆண்டுகளில் அது உடைந்தது. எல்லாம் எல்லோருக்கும் பொது என்றால் ஒவ்வொருவர் காரியத்திலும் எல்லோரும் தலையிட்டுத்தான் தீர வேண்டும் என்று அங்கே கண்டுகொண்டார். 1827-ல் சின்சினாட்டியில் ஒரு கடை திறந்தார். பொருளின் கொள்முதல் விலை, கடைச் செலவுக்காக அதன்மேல் ஒரு சிறு சதவீதம், அவ்வளவுதான் பணமாகத் தர வேண்டியது. சுவரில் ஒரு கடிகாரம். கடைக்காரர் உங்களுக்காக எத்தனை நிமிடம் செலவிட்டாரோ அத்தனை நிமிட உழைப்பைத் தருவதாக நீங்கள் சீட்டு எழுதித் தர வேண்டும். தச்சர் தச்சு வேலை நேரத்தைத் தருவார், தையல்காரர் தையல் நேரத்தைத் தருவார். கடை நன்றாக ஓடியது. தான் நிரூபிக்க நினைத்தது நிரூபணமாகிவிட்டது என்று 1830-ல் வாரனே அதை மூடினார். இது சந்தைதான். வாங்கல் விற்றல் இருக்கிறது, போட்டி இருக்கிறது. ஆனால் உழைக்காமல் வரும் லாபத்துக்கு அங்கே இடம் கிடையாது.

அடுத்து பிரான்சின் புரூதோன். தன்னை அனார்க்கிஸ்ட் என்று முதலில் அழைத்துக்கொண்டவர். 1840-ல் 'சொத்து என்பது திருட்டு' என்றார். இந்த ஒரு வரியை வைத்து அவரைப் பொதுவுடைமைக்காரர் என்று நினைத்துவிடுகிறார்கள். உழவர் தான் உழும் நிலத்தை வைத்திருப்பதை அவர் கடைசிவரை ஆதரித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'உடைமை'. தான் உழாத நிலத்துக்கு வாரம் வாங்குவதும், தான் குடியிருக்காத வீட்டுக்கு வாடகை வாங்குவதும்தான் அவர் சொன்ன 'சொத்து'. 1849-ல் வட்டியில்லாக் கடனுக்காக மக்கள் வங்கி ஒன்றைத் தொடங்கினார். அரசு அவரைச் சிறையில் போட்டதால் அது வேரூன்றும் முன்பே கலைந்தது. நம் தெருவில் ஏலமில்லாமல் குலுக்கிப் போடும் சீட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த யோசனை அந்நியமாக இருக்காது: நமக்கு நாமே கடன் கொடுத்துக்கொண்டால் நடுவில் வட்டிக்காரர் எதற்கு?

மூன்றாவது பெஞ்சமின் டக்கர், இவரும் அமெரிக்கர். 1881 முதல் 1908 வரை 'லிபர்ட்டி' என்ற பத்திரிகையை நடத்தியவர். ஸ்பூனரின் தோழர். முதலாளியின் வருமானம் நான்கு ஏகபோகங்களிலிருந்து வருகிறது என்றார்: பணம் வெளியிடும் உரிமை, நிலம், சுங்கவரி, காப்புரிமை. நான்கையும் தாங்கி நிற்பது அரசு. நான்கையும் நீக்கிவிட்டு முழுப் போட்டியைத் திறந்துவிட்டால், வட்டி, வங்கி நடத்தும் செலவு அளவுக்கு, அதாவது ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கும். வாடகையும் லாபமும் கரையும். உழைத்தவருக்கு முழுக் கூலி கிடைக்கும் என்பது அவர் கணக்கு. கூலியை ஒழிக்க அவர் கேட்கவில்லை. கூலி முழுதாகக் கிடைக்க வேண்டும் என்றார். தன்னை அவர் சோசலிஸ்ட் என்றும் சொல்லிக்கொண்டார். முழுச் சந்தைதான் முதலாளித்துவத்துக்கு எமன் என்பது அந்த ஆளின் நம்பிக்கை.

ஆகவே சந்தையும் அனார்க்கிசமும் ஒத்துப்போகும் என்பதற்கு நூறாண்டுச் சரித்திரம் இருக்கிறது. முதலாளித்துவம் ஒத்துப்போகுமா என்பது வேறு கேள்வி. ஒரு நெசவாளர் தன் வீட்டுத் தறியைத் தன்னுடையது என்று சொல்ல அக்கம்பக்கத்தாரின் மரியாதை போதும். ஆயிரம் மைல் தள்ளி இருப்பவர் ஆயிரம் தறிகளுக்கும் மாதா மாதம் பங்கு வாங்க வேண்டும் என்றால், அந்த ஆயிரம் நெசவாளர்கள் 'இனி தர மாட்டோம்' என்று சொல்லும் நாளில் யாராவது ஆயுதத்தோடு வந்தாக வேண்டும். அந்த யாரோ ஒருவரைத்தான் அனார்க்கிஸ்டுகள் எதிர்க்கிறார்கள். அவர் சீருடை அரசுடையதா கம்பெனியுடையதா என்பதால் நெசவாளருக்கு எதுவும் மாறாது.

அன்வர் (ஷார்ஜா):

அண்ணே, நல்லா எழுதுனீங்க. ஆனா ஒரு இடத்துல எனக்கு நெஞ்சு இடிக்குது. ஊர்ல வீடு கட்டிப் பூட்டி வெச்சிட்டு வந்திருக்கேன். இங்க வேல பாக்குற முக்காவாசிப் பேரு கதை அதுதான். குடியிருக்கிறவனுக்குத்தான் வீடுன்னா, நாளைக்கு யாராவது பூட்டை உடைச்சு உள்ள போயி அடுப்புப் பத்த வெச்சா வீடு அவனுதா? வெயில்ல நின்னு சம்பாதிச்ச காசுண்ணே அது.

கதிர்வேல் தம்பி சொல்றதுல ஒண்ணு மட்டும் நான் கண்ணால பாத்தது. இங்க பாங்குக்குப் போகாம உண்டியல்ல (ஹவாலால) காசு அனுப்புற ஆளுங்க நெறய. சட்டப்படி தப்பு, நான் அதைச் சரின்னு சொல்ல வரல. ஆனா ரசீது கிடையாது, கோர்ட் கிடையாது, காசு மட்டும் போய்ச் சேந்துடுது. ஒரு தடவ ஏமாத்துனா அவன்கிட்ட அப்புறம் ஒருத்தனும் போக மாட்டான். அரசாங்கம் இல்லாம ஒப்பந்தம் நிக்காதுன்னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் பாக்கணும்.

நிலவழகன்:

அன்வர் தம்பி, உங்கள் வீட்டை எவரும் தொடக் கூடாது என்பதுதான் என் பதிலும். உழைத்துக் கட்டினீர்கள், திரும்பி வரப்போகிறீர்கள், ஊருக்கும் அது தெரியும். பிழைப்புக்காக வெளியே போவதைக் கைவிடுதல் என்று டக்கர் வழியில் யோசிப்பவர்கள் யாரும் சொல்லவில்லை. எத்தனை ஆண்டு ஆளில்லாமல் கிடந்தால் கைவிட்டதாகக் கொள்வது என்பதை அந்தந்த ஊர் வழக்கம் முடிவு செய்ய வேண்டியதுதான். கெவின் கார்சன் என்ற இன்றைய எழுத்தாளர் இதை நன்றாக விளக்குகிறார். ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் வழிச் சொத்துரிமையிலும் கைவிடுதல் என்ற ஒன்று உண்டு, புரூதோன் வழியிலும் உண்டு. முன்னதில் பிடி இறுக்கம், பின்னதில் தளர்வு. வேறுபாடு அளவில்தான்.

ஆனால் உங்கள் வீடு ஒரு பக்கம். நாற்பது வீடுகளை வாங்கிப்போட்டு, எதிலும் ஒரு நாள்கூடத் தங்காமல், நாற்பது குடும்பங்களிடம் வாடகை வாங்குபவர் மறுபக்கம். இரண்டையும் ஒரே பத்திரத்தின் ஒரே சொல்லுக்குள் அடைத்து, இரண்டுக்கும் ஒரே காவலைத் தருகிறது இன்றைய சட்டம். பெரியவர் எப்போதும் சின்னவரின் வீட்டைக் காட்டித்தான் தன்னைக் காத்துக்கொள்கிறார்.

கதிர்வேல்:

வாடகை வீடு கட்ட யாருக்கும் ஆசை இல்லாமல் போனால், வீடு வாங்க வசதியில்லாதவர் எங்கே தங்குவார்? ஓர் உருக்காலை கட்டப் பத்தாண்டு பணம் முடங்குகிறது. அந்தப் பத்தாண்டும் செலவழிக்காமல் காத்திருந்தவருக்கு ஒன்றுமே கிடைக்காது என்றால் ஆலை எழும்பாது. வட்டி என்பது காத்திருப்புக்கான விலை. டக்கரிடம் ரோத்பார்ட் முரண்பட்ட இடம் இது. பண நோட்டை அதிகம் அச்சிட்டால் வட்டி மறையும் என்பது பொருளியல் பிழை என்றார். டக்கர், ஸ்பூனரின் அரசியலை அவர் மனதாரப் போற்றினார். அவர்களுடைய பணக் கொள்கையை மட்டும் ஏற்கவில்லை.

சுப்பிரமணியம் ஐயா:

தம்பி கதிர்வேல், நான் மருந்துத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். காத்திருப்புக்கு விலை என்கிறீர்கள். எனக்குத் தெரிந்த துறையில் பெரிய லாபம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

இந்தியாவின் 1970 காப்புரிமைச் சட்டம் 1972-ல் நடைமுறைக்கு வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான் என்றது. அதன் பிறகு இங்கே போட்டிபோட்டு மருந்து செய்யும் கம்பெனிகள் முளைத்தன. 2001-ல் எய்ட்ஸ் நோய்க்கான மூன்று மருந்துச் சேர்க்கையை, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு, ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலர் விலையில் தருவதாக இந்தியக் கம்பெனி சிப்லா அறிவித்தது. காப்புரிமை பெற்ற கம்பெனிகள் பணக்கார நாடுகளில் அதற்கு வாங்கிக்கொண்டிருந்தது 10,000 டாலருக்கும் மேல். இடைவெளியைப் பாருங்கள்! மூலப்பொருள் அதே, வேதியியல் அதே. வேறுபாடு முழுவதும் ஓர் அரசு கொடுத்த காகிதத்தில் இருந்தது. உலக வர்த்தக ஒப்பந்தத்துக்காக 2005-ல் நாமும் பொருள் காப்புரிமைக்குத் திரும்பினோம். கிளிவெக் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்துக்கான காப்புரிமை விண்ணப்பத்தை நம் சென்னை அலுவலகம் 2006-ல் நிராகரித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013-ல்தான் முடிந்தது, கம்பெனி தோற்றது.

டக்கர் சொன்ன நான்காவது ஏகபோகம் இது. மற்ற மூன்றைப் பற்றி நான் பேச மாட்டேன், எனக்கு அவ்வளவு படிப்பில்லை. இந்த ஒன்றில் அந்த மனிதர் சொன்னது அப்படியே நடந்ததைப் பார்த்திருக்கிறேன். போட்டி வந்தது, விலை விழுந்தது, ஆப்பிரிக்காவில் சாக இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

கதிர்வேல்:

ஐயா, இதில் உங்களோடு முழு உடன்பாடு. ரோத்பார்ட்டும் காப்புரிமையை எதிர்த்தவர்தான். அரசு தந்த சலுகைகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம். எடுத்த பிறகும், திறமையாலும் சேமிப்பாலும் சில பெரிய கம்பெனிகள் நின்றால்? அவற்றை உடைக்க என்ன உரிமை இருக்கிறது? இதற்கு நிலவழகனும் வானதியும் பதில் சொல்ல வேண்டும்.

வானதி:

அந்தப் பெரிய கம்பெனி தன் வேலி வரைக்கும் அரசாகவே நடந்துகொள்ளும் என்பதுதான் பதில்.

கொலராடோ, 1913. ராக்பெல்லர் குடும்பத்தின் நிலக்கரிக் கம்பெனி. தொழிலாளி தங்கும் வீடு கம்பெனியுடையது. பொருள் வாங்கும் கடை கம்பெனியுடையது. காவலரும் கம்பெனியின் ஆட்கள். வேலைநிறுத்தம் என்றதும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். சொத்துரிமைப்படி அதில் தவறே இல்லை, வீடு கம்பெனியுடையதுதானே! குளிர்காலம் முழுவதும் கூடாரத்தில் வாழ்ந்தார்கள். 1914 ஏப்ரல் 20 அன்று லட்லோவில் அந்தக் கூடாரங்களைச் சுட்டு எரித்தார்கள். ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டிய குழிக்குள் ஒளிந்திருந்த 11 குழந்தைகளும் இரண்டு பெண்களும் அங்கேயே மூச்சடைத்துச் செத்தார்கள்.

சுட்டது மாநிலத்தின் படை என்பீர்கள். ஆம். அந்தப் படையில் பலர் அதற்கு முன் கம்பெனிக் காவலர்களாக இருந்தவர்கள். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்கள். இது வெளிநாட்டுக் கதை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தவர்கள் போலீஸ்காரர்கள் அல்லர். கூலி உயர்வு கேட்டவர்கள் மீது நிலவுடைமையாளர்களும் அவர்களுடைய அடியாட்களும் செய்தது அது. தனியார் பாதுகாப்பு என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வருகிறது.

கதிர்வேல்:

வானதி, கீழ்வெண்மணியை நான் எந்தத் தத்துவத்தாலும் நியாயப்படுத்த மாட்டேன். அது கொலை. அரசு இருந்தும் நடந்தது, உயர் நீதிமன்றம் வரை போயும் நிலவுடைமையாளர்கள் விடுதலையானார்கள். இப்படி ஒரு தீர்ப்பு வந்த பிறகு எங்கே போவது? அரசின் நீதிமன்றங்களுக்கு வெளியே வேறு நீதிமன்றம் கிடையாது. நீதி வழங்கும் அமைப்பு ஒன்றே ஒன்று என்றிருப்பதால் வந்த வினை. பல காவல் அமைப்புகள், பல நடுவர் மன்றங்கள் இருந்தால் ஏழையும் தனக்கென ஒன்றில் சேரலாம்.

கற்பனை இல்லை, நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஐஸ்லாந்து. 930-ல் ஆல்திங் என்ற பொது மன்றம் கூடியதிலிருந்து மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் அங்கே மன்னர் இல்லை, நிர்வாகம் இல்லை, போலீஸ் இல்லை. கோதி என்ற தலைவர்கள் இருந்தார்கள். விவசாயி எந்தத் தலைவரிடம் சேர்வது என்பதைத் தானே தேர்ந்தெடுக்கலாம், பிடிக்காவிட்டால் மாறலாம். குற்றம் செய்தவர் இழப்பீடு தர வேண்டும். அந்த இழப்பீடு கேட்கும் உரிமையையே விற்கலாம். பலமில்லாத ஏழை தன் வழக்கைப் பலமுள்ளவரிடம் விற்றுவிடுவார், அவர் வாதாடி வசூலிப்பார். அமெரிக்கப் பொருளியலாளர் டேவிட் ஃப்ரீட்மேன் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

நிலவழகன்:

ஐஸ்லாந்தை நீங்கள் கொண்டுவந்தது நல்லது. எனக்கு மிகவும் பிடித்த வரலாறு அது. ஆனால் முடிவு வரை சொல்ல வேண்டும்.

தலைமைப் பதவியையே அங்கே வாங்கலாம், விற்கலாம், பரம்பரையாகத் தரலாம். 1097 வாக்கில் திருச்சபைக்கான தசமபாகம் வந்தது, சொத்தின் மீதான வரி. தேவாலயம் யார் நிலத்தில் நின்றதோ அவர் கைக்கு அதில் பெரும்பங்கு போனது. அந்தப் பணம் பதவிகளை வாங்கப் பயன்பட்டது. 13-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ எல்லாத் தலைமைப் பதவிகளும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்களிடம் சேர்ந்துவிட்டன. தலைவரை மாற்றிக்கொள்ளும் உரிமை ஏட்டில் இருந்தது, மாறிப் போக வேறு தலைவர் இல்லை. பிறகு நாற்பது ஆண்டு உள்நாட்டுப் போர். வரலாற்றாசிரியரும் பெருந்தலைவருமான ஸ்னோரி ஸ்தூர்லுசோனை 1241-ல் அவர் வீட்டு நிலவறையில் வைத்தே கொன்றார்கள். 1262 முதல் 1264-க்குள் நாடு முழுவதும் நார்வே மன்னருக்கு அடங்கியது.

பாதுகாப்பு அமைப்புகளில் ஒன்று மற்றவற்றை விழுங்கி அரசாகும் என்று அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974-ல் தர்க்கமாக எழுதினார். ஐஸ்லாந்தில் அது நடந்தே இருக்கிறது. முந்நூறு ஆண்டு தாக்குப்பிடித்ததை நான் சிறுமைப்படுத்தவில்லை, பல அரசுகள் அத்தனை காலம் நின்றதில்லை. நின்ற காலம் எது? நிலம் பரவலாக இருந்த காலம். விழுந்தது எப்போது? நிலமும் பதவியும் குவிந்தபோது. சந்தை அங்கே அனார்க்கிசத்தைக் கெடுக்கவில்லை. எல்லையற்ற குவிப்பு கெடுத்தது.

வானதி:

நாம் ஐஸ்லாந்து வரை போயே இருக்க வேண்டாம். 1639-ல் மதராசில் ஒரு துண்டு மணலை மானியமாகப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1765-ல் வங்கத்தின் வரி வசூல் உரிமையைப் பெற்றது.

கதிர்வேல்:

கிழக்கிந்தியக் கம்பெனி அரச சாசனம் பெற்ற ஏகபோகம். தடையற்ற சந்தையின் எதிரி அது. அதை என் கணக்கில் எழுதாதீர்கள். என் பக்கமிருந்து ஒன்று கேட்கிறேன். கூலி உறவு இல்லாத உங்கள் அனார்க்கிசம் எங்காவது நடந்ததா, அதில் சேர மறுத்தவர்களை என்ன செய்தார்கள்?

வானதி:

நடந்தது. 1936 ஜூலையில் உள்நாட்டுப் போர் தொடங்கிய பிறகு ஸ்பெயினில். பார்சிலோனாவில் டிராம் வண்டிகளைத் தொழிலாளர்களே எடுத்து ஓட்டினார்கள். அரகோன் மாநிலத்தில் நூற்றுக்கணக்கான ஊர்களில் நிலத்தைக் கூட்டாகச் சேர்த்தார்கள். சில ஊர்களில் பணத்தையே எடுத்துவிட்டார்கள், சில ஊர்களில் சீட்டு, சிலவற்றில் குடும்ப அளவுக்கேற்ற கூலி.

சேர மறுத்தவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். பல ஊர்களில் அவர்களுக்கு 'தனியாட்கள்' என்றே பெயர். கூலியாள் வைக்காமல், குடும்பமாக உழ முடிந்த அளவு நிலத்தை அவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. எல்லா இடத்திலும் இது மனமொத்து நடந்ததாக நான் சொல்ல மாட்டேன். ஊருக்குள் ஆயுதப் படை நிற்கும்போது 'சேர மாட்டேன்' என்று சொல்லத் துணிவு வேண்டும், நெருக்குதல் நடந்த ஊர்களும் உண்டு. 1937 ஆகஸ்டில் கம்யூனிஸ்ட் தளபதி லிஸ்தரின் படைப்பிரிவை அனுப்பிக் குடியரசு அரசாங்கமே அரகோன் அமைப்பைக் கலைத்தது. அதனால் எத்தனை ஆண்டு நின்றிருக்கும் என்று அளந்து பார்க்க வழி இல்லாமல் போனது.

நிலவழகன்:

அந்தத் 'தனியாட்கள்' விதியைக் கவனியுங்கள் கதிர்வேல். பொதுவுடைமை பேசிய அனார்க்கிஸ்டுகள் தங்களோடு சேராதவருக்கு விட்டுவைத்தது அப்படியே புரூதோனின் உடைமை. உழுகிற அளவுக்கு உன்னுடையது. நூறு ஆண்டாகச் சண்டை போட்ட இரண்டு கிளைகளும் வயலில் இறங்கியபோது ஒரே எல்லைக்கல்லை நட்டன. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

சுப்பிரமணியம் ஐயா:

இவ்வளவு பேசிவிட்டு நம்மூர்க்காரர் ஒருவரை விட்டுவிட்டீர்களே. எம்.பி.டி. ஆச்சார்யா, 1887-ல் சென்னையில் பிறந்தவர். பாரதி ஆசிரியராக இருந்த 'இந்தியா' இதழோடு தொடர்புடையவர். 1920-ல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியவர்களில் ஒருவர், பிறகு அதிலிருந்து விலகி பெர்லினில் அனார்க்கிஸ்ட் ஆனவர். சோவியத் ஆட்சியை அரசு முதலாளித்துவம் என்று எழுதினார். 1935-ல் இந்தியா திரும்பி, 1954-ல் பம்பாயில் வறுமையில் காலமானார். அங்கே லோட்வாலா என்ற செல்வரின் ஆதரவில் இயங்கிய சுதந்திர சோசலிச நிறுவனத்தின் செயலாளராக இருந்தார். அதே லோட்வாலா ஐம்பதுகளில் ஆதரித்த பத்திரிகை தடையற்ற பொருளாதாரத்தின் பக்கம் நின்றது. நீங்கள் இங்கே போடும் வழக்கு பம்பாயில் ஒரே வட்டத்துக்குள் நடந்திருக்கிறது தம்பிகளா.

வானதி:

நன்றி ஐயா, ஆச்சார்யாவைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள்.

நிலவழகன், உங்கள் டக்கரிடம் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. 1911-ல் அவரே தன் பழைய கட்டுரைக்கு ஒரு பின்குறிப்பு எழுதினார். ஏகபோகங்கள் இத்தனை காலம் நின்றதால் டிரஸ்ட் எனும் பெருங்குழுமங்கள் வளர்ந்துவிட்டன. இனி வங்கித் தொழிலை முழுதாகத் திறந்துவிட்டாலும் அவற்றை வீழ்த்த முடியாதென்று அஞ்சுகிறேன் என்றார். சலுகையை இன்று நிறுத்தினால் நேற்றுவரை குவிந்தது என்ன ஆகும்? ஓட்டப்பந்தயத்தில் பாதித் தூரம் போனவரை அங்கேயே நிற்க விட்டுவிட்டு, இனி விதி எல்லோருக்கும் சமம் என்பதா?

கதிர்வேல்:

இதற்கு ரோத்பார்ட்டிடம் பதில் உண்டு, பலருக்கு அது தெரியாது. 1969-ல் எழுதினார்: திருடிய சொத்துக்கு உரிமை கிடையாது, எத்தனை கை மாறினாலும். அடிமைகள் உழைத்த தோட்டங்கள் அடிமைகளுக்கே போயிருக்க வேண்டும். அரசுப் பணத்திலேயே வாழும் ஆயுதக் கம்பெனிகளை அங்கே உழைப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம். இன்றிருக்கும் பத்திரம் எல்லாம் புனிதம் என்று அவர் சொல்லவில்லை.

வானதி:

சரி. அப்படியானால் பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891-ல் அறிக்கை கொடுத்தார். 1892-ல் தொடங்கி, மதராஸ் மாகாணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பத்தாண்டு விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. இன்று அதில் பெரும்பகுதி யார் கையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். உங்கள் விதிப்படி என்ன செய்ய வேண்டும்?

கதிர்வேல்:

திருப்பித் தர வேண்டும். நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது. இதில் எனக்குத் தயக்கம் கிடையாது.

வானதி:

யார் வாங்கித் தருவது? எந்தப் புல எண் பஞ்சமி நிலம் என்பது வட்டாட்சியர் அலுவலகத்து 'அ' பதிவேட்டில் இருக்கிறது. நீங்கள் சொல்லும் காவல் கம்பெனிக்குச் சந்தா கட்ட வசதி உள்ளவர் இன்று நிலத்தை வைத்திருப்பவர்.

கதிர்வேல்:

அரசு வாங்கித் தந்ததா? 1994-ல் செங்கல்பட்டு அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். நிலத்தை ஒதுக்கிய அதே அரசு, பதிவேட்டை வைத்திருக்கும் அதே அரசு.

நிலவழகன்:

இந்த இடத்தில் நீங்கள் இருவரும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். காரணை மக்கள் எந்தக் கம்பெனியையும் கூப்பிடவில்லை, அரசையும் நம்பிக் காத்திருக்கவில்லை. தாங்களே சேர்ந்து போனார்கள். பதிவேடு தேவை, அதில் சந்தேகம் இல்லை. அதை வைத்திருக்க ஓர் அரசு வேண்டுமா, அல்லது ஊர்களின் கூட்டமைப்பு போதுமா? அரகோனில் ஊர்க்கூட்டம்தான் எல்லைகளை அளந்தது. அதிலிருந்து பேசத் தொடங்கலாம்.

வானதி:

அரகோன் ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இடையே சேரி இல்லை, நிலவழகன். நம் ஊர்க்கூட்டத்தில் யார் திண்ணையில் இருப்பார், யார் எட்டி நிற்பார் என்பதை முதலில் சொல்லுங்கள். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தை அறியாமையின் குகை என்று சொன்னபோது அவர் மனதில் இருந்தது அந்தக் கூட்டம். அந்தக் கூட்டத்தின் கையில் பதிவேட்டைக் கொடுக்க நான் இன்று தயாராக இல்லை. தயாராக வேண்டுமானால் என்னென்ன மாற வேண்டும் என்று நீங்கள் எழுதுங்கள், வரிக்கு வரி பதில் தருகிறேன்.